வெங்காரமும் மூன்று கோப்பைகளும்

அம்மாவின் கம்மலில் கொக்கி ஒடிந்துபோனதால்தான் எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. பற்றவைப்பதற்காகக் கோட்டாற்றில் ஒரு தட்டாரிடம் கொண்டுபோயிருந்தேன். அவருடைய உலைக்குப் பக்கத்தில் பழைய மூசை ஒன்று கிடந்தது. பொன் உருக்கும் சின்ன மண்கிண்ணம். எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். உள்ளே மண்ணின்மேல் பச்சைக் கண்ணாடியாக ஒரு பூச்சு. நகம் வைத்தால் வழுக்கியது. ஊறுகாய் போட்டுவைக்கும் பீங்கான் பரணியின் அதே மினுக்கம். பொன் இளகப் போடும் வெங்காரம் என்ற உப்புதான் மண்ணோடு உருகிப் படிந்திருக்கிறது என்று கல்லூரியில் படித்த ரசாயனம் சொல்லிற்று. அந்தப் பளபளப்பை, பானைக்குப் பேர்போன சுங்கான்கடை மண்ணில் நானே கொண்டுவந்துவிடலாம் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

"ஆசாரியாரே, இந்த மூசைய எனக்குத் தருவீரா?"

ஊதுகுழல் நின்றது. "எதுக்கு?"

"சும்மா, பாக்கத்தான்."

"பாத்தாச்சுல்லா. இருந்த எடத்துல வையும்."

அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. பழைய மூசைகளை இடித்து அலசி, ஒட்டியிருக்கும் பொன்துகளை எடுப்பது தட்டார் வழக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்டதற்கு ஒரு பொட்டலம் வெங்காரம் மட்டும், அதுவும் அரைமனதாகக் கொடுத்தார்.

சோடாக் குப்பியை இடித்துத் துணியில் சலித்தேன். வெங்காரத்தோடு தண்ணீரில் குழைத்து, ஏற்கெனவே சுட்டுவைத்திருந்த மூன்று மண்கோப்பைகளில் பூசினேன். சுங்கான்கடைக் குயவர் ஒருவர், "இந்தச் சவம் எனக்க பானையில ஒட்டப்பிடாது, பாத்துக்கிடும்" என்று சொல்லித்தான் அவற்றைத் தன் சூளையில் வைத்தார்.

வெளியே வந்தபோது பளபளப்பைக் காணோம். விளிம்பில் வெள்ளைக் கொப்புளம். மற்ற இடமெல்லாம் கண்ணாடித் தூள் சொரசொரவென்று நின்றது. தட்டார் கொடுத்தபோது அவர் முகம் இருந்த லட்சணம் நினைவுக்கு வந்தது. விலை குறைந்த படிகாரத்தைக் கலந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். மீதிப் பொட்டலத்தையும் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

அங்கே ஒரு அம்மாள், மகளுக்குத் தாலிக்கொடி செய்யப் பழைய நகை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் அதைக்கூட யோசிக்காமல், "வெங்காரத்துல என்னத்தக் கலந்தீரு?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மாளின் கை நின்றது. முடிச்சு மறுபடி இறுகியது.

தட்டார் எழுந்திருக்கவில்லை. "நில்லும். இவிய முன்னால சொன்னதுக்கு இவிய முன்னாலயே பதில் பாத்துட்டுப் போவும். எனக்க டப்பா வேண்டாம். ஒம்ம பொட்டலத்துல இருந்தே எடும்."

ஒரு சிட்டிகை எடுத்துக் கரிமேல் வைத்தேன். ஊதினார். வெள்ளையாகப் பொரிந்து எழும்பியது. படிகாரமானால் அப்படியே வெள்ளைப் பொடியாக நின்றுவிடும். நிற்கவேண்டும் என்று உள்ளூர விரும்பினேன். அது அடங்கி, இளகி, தெளிந்த கண்ணாடி முத்தாக உருண்டது. சுத்தமான வெங்காரம். வீட்டு அடுப்பிலேயே பார்த்திருக்கக்கூடிய சோதனை.

"நாளைக்கு வாறேன்" என்று அம்மாள் முடிச்சோடு எழுந்துபோனார்.

"நல்ல காரியம் பண்ணினீரு. படிச்ச பிள்ளல்லா" என்றார் தட்டார்.

அப்படியானால் குயவர்தான் சூடில்லாத மூலையில் வைத்திருக்கவேண்டும் என்று மனம் உடனே அங்கே தாவியது. ஒரு கோப்பையைக் கல்லில் தட்டி உடைத்தேன். உடைந்த இடத்தில் மண்ணின் உள்ளே கறுத்து, உருகி மினுங்கியது. சூடு போதவில்லை என்று சொல்ல வழியில்லை. வெங்காரம் தண்ணீரில் கரையும். கரைந்ததை மண் குடித்துவிட்டது. மேலே வெறும் கண்ணாடித் தூள்தான் மிஞ்சியது. பிழை என்னுடையது. வெங்காரத்தையும் கண்ணாடித் தூளையும் முதலிலேயே ஒன்றாக உருக்கித் தண்ணீரில் கொட்டி, மறுபடி அரைத்தால் கரையாது. ஆனால் உருக்கத் தட்டாருடைய உலைதான் வேண்டும். தப்பென்று சொல்லி, அதையும் கேட்டேன்.

தட்டார் உலைக்கரியைக் கிளறிவிட்டார். பிறகு, "நாளைக்கு அந்த அம்மை வரும்போ நீரும் வாரும். கலப்பில்லன்னு ஒம்ம வாயால சொல்லணும். அவ கொடி செய்யத் தந்தான்னா உலை ஒமக்கு. சட்டைய மட்டும் வெளியே கழத்தி வச்சிட்டு வாரும், பொன்துகளு ஒட்டிட்டுப் போவப்பிடாது" என்றார்.

கண்ணாடித் தூள் இன்றைக்கே சலித்தாகிவிட்டது. வெங்காரத்தையும் தூளையும் சரிபாதி கலக்கப்போகிறேன். அம்மாள் வராவிட்டால் வீட்டைத் தேடிப் போய்ச் சொல்லவேண்டும். சூளைக்குப் போகும்போது, கோப்பையைக் குயவர் எங்கே வைக்கிறார் என்று கூடவே நின்று பார்ப்பதாகவும் இருக்கிறேன்.