மழைக்குக் காத்திருந்த பந்து

"கழுத்தைப் பிடி பிள்ளை. விட்டிடாதை."

முத்துக்குமாரு பந்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சைக்கிள் பம்பை அடிக்கிறார். பழைய காலத்துத் தோல்பந்து. உள்ளே இறப்பர்ப் பை. அதன் கழுத்து விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று நிறைந்ததும் கழுத்தை மடித்து, நூலால் கட்டி, உள்ளே தள்ளி, தோல்வாரை இழுத்து முடிய வேண்டும். அடிக்க இரண்டு கை, கட்ட இரண்டு கை. மகள் பராசக்தி கட்டினாள். அவர் பந்தைக் காதோடு வைத்துக் கேட்டார். கசிவு இல்லை.

"காத்துக் குறைஞ்ச பந்திலை பேனை ஓடாது" என்றார்.

தகப்பனும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

மருதனார்மடம் சந்தியில் சைக்கிள் ரியூப் ஒட்டுகிற கடை அவருடையது. கட்டை மனிதர். கூடைப்பந்து ஒரு நாளும் ஆடியதில்லை. வளையத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே அவருக்குக் கழுத்து நோகும். ஆனால் வீட்டுக் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டு முழுவதும் கனிசியஸ்தான். ஒரு காலத்தில் இலங்கை அணிக்கு ஆடி, முழங்கால் பழுதாகி ஓய்ந்துபோன குருநகர்க்காரர். அவர் கையெழுத்திட்ட முழங்கால் உறை, கையெழுத்திட்ட பஸ் ரிக்கற், அறுந்த வலைத்துண்டு, நாக்கில் கையெழுத்துள்ள ஒற்றைச் சப்பாத்து. கலியாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள் கீழ்த்தட்டுக்கு இறங்கி வருடக்கணக்காகிறது.

"பிறத்தியான்ரை சப்பாத்தை வீட்டுக்குள்ளை வைச்சுக் கும்பிடுற மனிசரை நான் வேறை எங்கையும் காணேல்லை" என்பாள் மனைவி நாகேஸ்வரி.

"கும்பிடேல்லையப்பா. சும்மா பாக்கிறன்."

கனிசியசுக்கும் இது விளங்கியதில்லை. "உமக்கு என்னத்துக்குக் காணும் இந்த ஊத்தைச் சப்பாத்து?" என்று கேட்டபடியே கையெழுத்துப் போடுவார். முத்துக்குமாரு மை காயும்வரை ஊதிக்கொண்டு நிற்பார்.

எல்லாவற்றிலும் பெரியது அந்தப் பந்து. அறுபத்திரண்டாம் ஆண்டு ஒரு இறுதி ஆட்டத்தில், முடியச் சொற்ப நேரம் இருக்கையில், பை வெடித்தது. வேறு பந்து இல்லை. பார்க்க வந்த முத்துக்குமாரு கடையிலிருந்து சாமான் கொண்டுவரச் சொல்லி, கோட்டுக்கு வெளியே குந்தியிருந்து ஒட்டிக் கொடுத்தார். அந்தப் பந்தைக் கனிசியஸ் கூடைக்குள் போட்டு ஆட்டத்தை முடித்து, தோலில் தன் பெயரை மையால் எழுதி அவரிடமே தந்துவிட்டார். "உள்ளுக்கு என்ரை ஒட்டு, வெளியிலை அவற்றை கையெழுத்து" என்பார் முத்துக்குமாரு. தன்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொன்ன ஒரே வசனம்.

இந்த வருடம் ஆயுதபூசைக்கு நாகேஸ்வரி ஒரு புதுமை செய்தாள். கத்தரிக்கோல், அரம், பம்ப் எல்லாவற்றுடனும் அலுமாரியிலிருந்த பந்தையும் தானாகவே எடுத்துச் சாமிப் படத்தடியில் வைத்தாள். சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பதினேழு வருடச் சண்டை அன்று முடிந்தது. மறுநாள் காலையில், குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரியே, பந்தையும் தேசிக்காய்ப் பாதியின் புளிச்சாற்றால் தேய்த்து ஈரச்சீலையால் துடைத்து வைத்தாள். சந்தனத்தோடு கையெழுத்தும் போய்விட்டது.

அவர் கோபிக்கவில்லை. "பந்து பளிச்செண்டு இருக்கு" என்றார். நாகேஸ்வரி அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

பராசக்தி கட்டட இலாகாவில் படம் வரைபவள். பஸ் ரிக்கற்றில் உள்ள கையெழுத்தைப் பெருப்பித்துப் பந்தில் அப்படியே இறக்கலாம் என்றாள்.

"உன்ரை கைக்கு ஏலும் பிள்ளை. ஆனால் அவற்றை கை அதிலை படாது."

கனிசியஸ் நத்தார்ப் பண்டிகைக்கு முன் அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போகிறார். திரும்பி வரமாட்டார் என்று கதை. போய் இன்னொருதரம் போட்டுத்தரச் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே? அங்கேதான் முத்துக்குமாரு இடறினார். எப்படி அழிந்தது என்று கனிசியஸ் கேட்பாரே.

"மனிசி துடைச்சுப்போட்டாள் எண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது? அவள் மரியாதை செய்யப் போனவள். மழையிலை நனைஞ்சு போச்செண்டு சொல்லுவம்."

"மழை எங்கையய்யா? கிணறே வத்திக் கிடக்கு" என்றாள் மகள்.

"பெய்யட்டும். பெஞ்சாப் பிறகு போறன். கொம்மாவுக்கு மூச்சு விடாதை."

அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு கணம் நின்றது.

ஐப்பசி அவ்வளவும் வானம் பொய்த்தது. கடை வாசலில் நின்று அவர் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, டயர் ஒட்ட வந்த நாகலிங்கம் சிரித்தார். "நாங்கள் வெங்காயம் வைச்சனாங்கள், வானத்தைப் பாக்கிறம். நீர் என்னத்தை விதைச்சனீர்?"

"இருக்கு, இருக்கு."

பராசக்தி இலாகாக் கந்தோரிலிருந்து படம் வரைகிற பேனை ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். அதன் மை தண்ணீருக்கு அசையாது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தேசிக்காய்க்கு?" என்று கேட்டார்.

"அதுக்கும் போகாது ஐயா."

அந்தச் சனிக்கிழமைதான் பந்துக்குக் காற்றடித்தார்கள்.

திங்கட்கிழமை விடியப் பிடித்தது மழை. முத்துக்குமாரு கடை திறக்கவில்லை. முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பேனையைப் பையில் செருகினார். முற்றத்தில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் பந்தை வைத்தார், அழிந்த பக்கம் மேலே தெரிய.

"ஐயா, உதென்ன வேலை?"

"பொய்யெண்டாலும் கொஞ்சம் நனைஞ்சிருக்க வேணும் பிள்ளை."

நனையட்டும் என்று விறாந்தைக் கதிரையில் இருந்தார். நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அவர் கை எழும்பவில்லை.

செய்தி போய், அயல் நிறைந்தது. மழை விடவில்லை. உடலைக் குளிப்பாட்டுகிறவர்கள் வருமுன், பந்து இன்னும் வாளிமேல் இருப்பது பராசக்தியின் கண்ணில் பட்டது. எடுக்கப் படியில் இறங்கினாள்.

"விடு பிள்ளை" என்றாள் நாகேஸ்வரி. "நல்லா நனையட்டும்."

பராசக்தி படியில் நின்றுவிட்டாள். நாகேஸ்வரி குனிந்து, அவருடைய சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்தாள். மூடியை ஒருதரம் இறுக்கித் திருகினாள். திரும்ப அதே பையில் வைத்தாள்.