வெட்டுவதற்கு ஒரு பந்து

என் வலதுகை நகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத சொந்தக்காரர் இதுவரை பிறக்கவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து நான் கரண்டி கேட்டால் போதும், எதிர்வரிசையில் ஓர் அத்தை பக்கத்து அத்தையை முழங்கையால் இடிப்பார். இடதுகை நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கும், வலதுகையில் மட்டும் வளர்ந்திருக்கும். இது என்னடி கோலம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. கிளாசிக்கல் கிடார் வாசிப்பதுதான் எனக்குப் பிழைப்பு. அதில் பாதி வாத்தியம் மரத்தில் இருக்கிறது, மீதிப் பாதி வலதுகை நகத்தில். பிடிக்காதவர்கள் என் கையைப் பார்க்காமல் சாப்பிடலாம்.

இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வேண்டும்.

போடிமெட்டிலிருந்து கேரளப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடு. அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா ஃபாக்டரியில் இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் வேண்டாமென்று விட்டுப்போன கிடாரை மாமா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சினிமாப் பாட்டு வாசித்துப் பெண் வீட்டாரை மயக்கலாம் என்பது அவர் திட்டம். அது நைலான் தந்தி போட்ட சாதுவான கிடார், அவருடைய வேகத்துக்கு ஒத்துவரவில்லை. அலுத்துப்போய் எங்கள் வீட்டு அலமாரிமேல் போட்டுவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. மாமாவின் பழைய போன்தான் இருந்தது. லயத்துக்கு மேலே ஒரு வளைவில் நின்றால், கீழே தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சிக்னல் ஏறி வரும். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே குந்தியிருந்து, எந்த தேசத்துக்காரர் என்றே தெரியாத ஒரு வழுக்கைத்தலை வாத்தியாரின் வீடியோக்களைப் பார்ப்பேன். அவருடைய இங்கிலீஷ் அரைகுறையாகத்தான் புரிந்தது. விரல்கள் நன்றாகப் புரிந்தன. வலதுகையில் நகம் இருந்தால்தான் அந்த நாதம் வரும் என்று தெரிந்ததும் வளர்க்க ஆரம்பித்தேன்.

அம்மாவுக்கு அது ஆகவே இல்லை. கொழுந்தை விரல்நுனியால் ஒடிக்க வேண்டும், நகத்தால் கிள்ளக் கூடாது. நகம் பட்ட இடம் கறுத்துப்போகும். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், காலையில் பேர் கூப்பிடும்போதே சூப்பர்வைசர் பெண்களின் கைகளைத் திருப்பிப் பார்ப்பாராம். நகம் நீண்டிருந்தால் எல்லார் முன்னாலும் ஏச்சு விழும். அதனால் நீண்ட நகம் என்றாலே அவளுக்கு வேலைக்கு ஆகாத கை. கிடாருக்காகத்தான் வளர்க்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஸ்டைலுக்கு வளர்த்துவிட்டுக் கதை விடுகிறேன் என்றுதான் அவள் நம்பினாள்.

அந்த வருஷம் சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் கலந்துகொள்ளும் கலைவிழாவான உபஜில்லா கலோத்சவத்தில் கிடார் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தேன். எங்கள் தோட்டத்து லயங்களிலிருந்து அதற்குப் போகும் முதல் ஆள் நான்தான். லயத்துப் பிள்ளைக்குக் கிடார் ஒரு கேடா என்று வகுப்பில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் கீழே உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கேட்க வேண்டும். அதற்காகவே எனக்கு அந்த மேடை வேண்டியிருந்தது. போட்டி திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, ரசஞ்சோறு சாப்பிட்டு, மத்தியானம் அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனேன்.

விரலில் சில்லென்று ஏதோ பட்டு விழித்தேன். பிளேடு. அம்மா என் வலதுகையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மோதிரவிரலை ஆரம்பிக்கப் போனாள். பெருவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் மொட்டையாகி முடிந்திருந்தன. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டதில் மோதிரவிரல் தப்பித்தது. கூடவே, கிடாருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத சுண்டுவிரலும்.

"நாளைக்கி மேடையில நாலு பேரு பாக்குற கையி. சுத்தமா இருக்க வேணாமாடி?" என்றாள் அம்மா.

நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். கத்தியும் ஆறாமல், கிடாரை எடுத்து அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நகமிருந்த மோதிரவிரலால் ஒரு தந்தியை மீட்டினேன். கணீரென்றது. அதே தந்தியை நடுவிரலால் மீட்டினேன். தலையணையைத் தட்டியது போலிருந்தது.

"இன்னொருக்கா அடி" என்றாள். அடித்துக் காட்டினேன். அவள் முகம் செத்துப்போயிற்று. நான் இத்தனை நாளும் கதை விடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதற்கு என்ன வழி என்று கேட்டாள்.

வழி இருந்தது. நகம் உடைந்தால் டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி நகத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று வழுக்கைத்தலை வாத்தியார் ஒரு வீடியோவில் செய்தே காட்டியிருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். ஒட்டுகிற பசை மாமாவிடம் இருந்தது. பந்துக்குத்தான் எங்கே போவது? எங்களுக்குத் தெரிந்து அந்த மலையில் அது இருந்த ஒரே இடம் தோட்டத்து கிளப்.

கிளப் தொரைமார்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் உரியது. லயத்து ஆட்கள் போவதென்றால் பின்வாசல் வழியாக, அதுவும் துடைப்பத்தோடு. அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

அம்மா புடவையை உதறிக் கட்டினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கிளப் வாட்ச்மேன் எங்கள் லயத்துக்காரர்தான். "மதினி, பின்னால வாங்க, பின்னால வாங்க" என்று பதறிக்கொண்டு வந்தார். அம்மா காதில் விழாதவள் போல முன்வாசல் படியேறினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே சின்னத்தொரை (அசிஸ்டென்ட் மேனேஜரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஆபீஸ்காரர் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் சின்னத்தொரை யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிக் கேட்டார்.

"ஒண்ணும் ஆகல சார். அந்தப் பந்துல ஒண்ணு வேணும்."

"விளையாடவா?"

"வெட்டுறதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். வேண்டுமானால் நாளைக்கு சூப்பர்வைசரிடம் சொல், அவர் ஆபீசில் சொல்லட்டும், பார்க்கலாம் என்றார் சின்னத்தொரை.

"நாளைக்கி எம்புள்ளைக்கிப் போட்டி சார். இப்பவே வேணும்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை கட்டவில்லை, தலை குனியவில்லை. அவள் அங்கே நிற்கும்வரை அவர்களால் ஆட முடியாது. எனக்கு அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. கடைசியில் அந்த ஆபீஸ்காரர் மூலையில் கிடந்த ஒரு பந்தைப் பொறுக்கி மேசைமேல் உருட்டிவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்றார்.

அம்மா அதை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். கீறல் விட்டிருந்தது. திரும்ப மேசையிலேயே வைத்தாள்.

"ஒடஞ்சது வேணாம் சார். நல்லதாக் குடுங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. வெட்டத்தானே போகிறோம், உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன! அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.  சின்னத்தொரை தன் கையில் இருந்த, ஆடிக்கொண்டிருந்த பந்தை மேசைமேல் வைத்தார். அம்மா அதையும் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிந்தாள். "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகவே இறங்கினாள்.

வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். "அந்த ஒடஞ்ச பந்தே போதும்ல? எதுக்கும்மா சண்ட?"

"போதும்னு எனக்குத் தெரியாதா? வாய மூடிட்டு வா" என்றாள். இந்த அம்மாவோடு வெளியே வந்தாலே இப்படித்தான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

என் நகத்தை வெட்டிய அதே பிளேடால்தான் பந்தையும் வெட்டினாள். பழைய நகத்தின் அளவு அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. மாமா பசை போட வந்து தன் இரண்டு விரல்களைத் தானே ஒட்டிக்கொண்டார். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்துத் தேய்த்து மூன்று வெள்ளை நகங்களைச் சரிசெய்தோம். மறுநாள் மேடையில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவிரல் நகம் கழன்று பறந்து ஒரு நடுவரின் தாள்மேல் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. மிச்சத்தை வெறும் சதையால் வாசித்து முடித்தேன். முதல் பரிசு வேறு யாருக்கோ போனது. அந்த நடுவர் என்னைத் தேடி வந்து நகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்து, என் கையைப் புரட்டிப் பார்த்தார். பின்னாளில் கொச்சியில் எனக்கு ஒரு நல்ல ஆசிரியரைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

அம்மா அதுவரை லயத்துக்குக் கீழே இருந்த சமக்காட்டில், ஏற்றமில்லாத தேயிலைப் பகுதியில், பறித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது வீட்டில் இருப்பாள். அடுத்த வாரத்திலிருந்து அவள் வீடு திரும்ப இருட்டத் தொடங்கியது. காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். அவளை மட்டும் உச்சிமலைக் காட்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் அவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்டேன். அம்மா காலில் உப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

"அங்கனதான்டி கொழுந்து நல்லாருக்கு" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். எங்க அம்மா நல்லாப் பறிக்கிறதால நல்ல காட்டுக்கு மாத்தியிருக்காங்க என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.