லஸ் வழியாகப் போ

"எந்தப் பக்கமா சார் போலாம்?" என்று வாடகைக் கார் ஓட்டுகிறவர் யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பெரியப்பாவின் நினைவுதான் வரும். எழும்பூர் ரயில் நிலைய வாசலில், பங்குனி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு கறுப்பு மஞ்சள் அம்பாசடருக்குள் நானும் பெரியப்பாவும் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. மதுரையிலிருந்து பகல் வண்டியில் வந்திறங்கியிருந்தோம். அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில் அப்பா மூன்று வாரமாகக் கிடந்தார், அம்மா துணைக்கு இருந்தாள். முந்தின நாள் எங்கள் தெருக் கடைக்கு அம்மா போன் செய்திருந்தாள். "டாக்டர் கைய விரிச்சுட்டாருப்பா. அண்ணனைப் பாக்கணும், அண்ணனைப் பாக்கணும்னு ஒரே பிடியா இருக்காக. பெரியப்பாவ உடனே கூட்டிட்டு வா." நினைவு தப்புவதற்குள் பெரியப்பாவை அப்பா முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எனக்கிருந்த வேலை அது ஒன்றுதான்.

பெரியப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எங்கள் வட்டாரத்தில் எந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே இறங்கி மாற வேண்டும், கடைசி வண்டி எப்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கல்யாண வீட்டில்கூட அவரைச் சுற்றி நாலு பேர் வழி கேட்டுக்கொண்டு நிற்பார்கள். வழி கேட்டு அவர் யாரிடமும் நின்று நான் பார்த்ததில்லை. மெட்ராஸுக்கு அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. ரயில் செங்கல்பட்டைத் தாண்டியதிலிருந்து ஜன்னலையே பார்த்தபடி வந்தார்.

அப்போதுதான் என் அதிகப்பிரசங்கித்தனத்தைக் காட்டினேன். கல்லூரியில் எனக்கு ஒரு மெட்ராஸ் சிநேகிதன். ஊருக்குப் புதுசு என்று தெரிந்தால் டாக்ஸிக்காரர்கள் ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிடுவார்கள், பீச் ரோடு பக்கம் போகலாம் என்றாலே சுற்றுகிறார்கள் என்று அர்த்தம், லஸ், மந்தைவெளி, அடையாறு, இதுதான் நேர் வழி என்று அவன் சொல்லியிருந்ததை அப்படியே பெரியப்பாவிடம் ஒப்பித்தேன். "புதுசுன்னு காட்டிக்காதீங்க பெரியப்பா. தெரிஞ்ச ஆளு மாதிரி பேசுங்க" என்றேன். பெரியப்பா மூன்று பெயர்களையும் ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆகவே டிரைவர் கேட்டதும், "லஸ் வழியாப் போ" என்றார், செக்கிங்கின்போது பேசும் அதே குரலில்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கா? மயிலாப்பூர்ல அறுபத்துமூவர் திருவிழா சார். லஸ்ஸாண்ட ஜனம் நெரிஞ்சிக்கினு கீது. பீச் ரோடு புட்ச்சி சாந்தோம் வழியா பூட்லாம்."

பீச் ரோடு என்றதுமே பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "எல்லாம் எங்களுக்குத் தெரியும்ப்பா. நீ லஸ் வழியாப் போ." டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

ராயப்பேட்டையைத் தாண்டி லஸ்ஸை நெருங்கும்போதே வண்டி நின்றுவிட்டது. முன்னால் பஸ்கள், பின்னால் பஸ்கள், நடுவில் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலை நோக்கிப் போகும் கூட்டம். பந்தல் போட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். மாமி ஒருவர் ஜன்னல் வழியாகத் தம்ளரை நீட்டி, "வெயில்ல வந்திண்டிருக்கேள், சாப்பிடுங்கோ" என்றார். பெரியப்பா அதை வாங்கி, குடிக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் அத்தனை சந்தோஷமாக இருந்தது எனக்கு ஆத்திரமாக வந்தது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். "சாமி போற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது சார்."

என்னால் முடியவில்லை. "அப்பா அடையாறு ஆஸ்பத்திரியில சாகக் கெடக்காருண்ணே. எங்களுக்கு இந்த ஊரு தெரியாது" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அத்த எக்மோர்லயே சொல்றதுக்கு இன்னா நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். பின்னால் நின்ற ஒவ்வொரு வண்டியாகப் போய்த் தட்டி, கையெடுத்துக் கும்பிட்டு, நகர வைத்தார். பின்னாலேயே ஓட்டி ஒரு சந்துக்குள் திருப்பவே இன்னும் அரை மணி பிடித்தது. பிறகு பீச் ரோடு, சாந்தோம், அடையாற்றுப் பாலம். ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். பெரியப்பா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா, இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நாங்கள் போனபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். இருபது நிமிஷம் ஆகிறது என்றார் நர்ஸ். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா எங்களைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"ரயிலு லேட்டா அத்தான்? பேச்சு நிக்கிற வரைக்கும் உங்களத்தான் கேட்டாக. அண்ணனுக்கு மெட்ராஸ் பிடிபடாதே, கூச்சப்படாம யார்கிட்டயாவது வழி கேப்பாரான்னு அதே கவல."

பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். ரயில் லேட் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். இந்தப் பயல் பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம், அதுதான் உண்மை. அவர் அம்மாவின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்து, "எனக்கு வழி தெரியல தாயி" என்றார். அதுவரை யாரிடமும் அவர் சொல்லியிராத வார்த்தை. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

இதே மெட்ராஸில், வேளச்சேரியில் நான் வீடு வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எந்தத் தெருவில் நெரிசல் என்று டிரைவரின் கைப்பேசியே சொல்லிவிடுகிறது. இருந்தும் சிலர் என்னிடம் கேட்பார்கள். "நான் ஊருக்குப் புதுசு, நீங்க பாத்துப் போங்க" என்பேன். பெரியப்பா அப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். மெட்ராஸ் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அம்மா போகும்வரை, "அன்னைக்கு ஒங்க பெரியப்பாவுக்கு மட்டும் வழி தெரிஞ்சிருந்தா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் "ஆமாம்மா" என்றுதான் சொன்னேன்.