எங்கள் சொந்தக்காரர்கள் லைக் போட்ட விளம்பரம்

என் தங்கை கேளம்பாக்கத்தில் பிசியோதெரபி கிளினிக் திறந்த அன்று, வந்தவர்களில் ஒருவருக்குக்கூட உடம்பில் வலி இல்லை. எல்லோரும் சொந்தக்காரர்கள். கேசரி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் தண்ணீர் கேன் போடுபவர் மட்டும்தான்.

ஐதராபாத்தில் ஒரு மருத்துவமனை அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குப் போக மனமில்லை. தனக்கென்று ஓர் அறை, அதில் தன் இஷ்டப்படி வைத்தியம் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. "தெரியாதவங்க நாலு பேராவது வரணும்க்கா. இல்லேன்னா பூட்டிட்டுக் கிளம்பிடுவேன்" என்றாள். நான் படூரில் இருக்கிறேன், ஐ.டி. கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளுக்கு விளம்பரமும் தெரியும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு ரோஷம் விடவில்லை.

கிளினிக் பெயரில் தொடங்கிய சமூக வலைதளப் பக்கத்தில், திறப்பு விழாவில் அம்மா குத்துவிளக்கு ஏற்றும் படத்தைப் போட்டு, அதன் கீழே விளம்பரம் செய்ய என்றிருந்த பொத்தானைத் தட்டி, பணம் கட்டினோம். எந்த ஊருக்கு என்று கேட்டது. தமிழ்நாடு முழுக்க என்றேன், பெரிய மனசு. செங்கல்பட்டில் இருந்தபடியே அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினாள்: "பாப்பாவோட விளம்பரம் வருது. எல்லாரும் கண்டிப்பா லைக் போடுங்க."

எங்கள் குடும்பத்தில் லைக் என்பது மொய் மாதிரி. போடாமல் விட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். தேனியிலிருந்து பெரியப்பா, தூத்துக்குடியிலிருந்து சித்தி, சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இதயங்களும் கைகூப்பல்களும் குவிந்தன. தங்கைக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. போன் மட்டும் அடிக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து, விளம்பரம் போடும் பக்கத்தை முதல் முறையாகப் பொறுமையாகப் படித்தேன். மூன்று அடுக்கு. மேலே இருப்பது கேம்பெயின். அங்கே ஒரே கேள்வி: உனக்கு என்ன வேண்டும்? நாலு பேர் பார்த்தால் போதுமா, லைக் வேண்டுமா, ஆட்கள் உன்னிடம் பேச வேண்டுமா? நடுவில் ஆட் செட்: யாருக்கு, எந்த ஊரில், எந்த நாள் வரை, எவ்வளவு செலவில். கடைசியில்தான் ஆட், அதாவது படமும் எழுத்தும். நாங்களோ கல்யாணத்துக்குத் தேதி குறிக்காமல், யாரைக் கூப்பிடுவது என்று பேசாமல், பத்திரிகைக்கு என்ன கலர் என்று சண்டை போடுகிறவர்கள் மாதிரி, நேராகப் படத்தில் ஆரம்பித்திருந்தோம். அந்தப் பொத்தானைத் தட்டியபோதே, தெரியாமல் லைக் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அது லைக் போடுகிறவர்களாகப் பார்த்துக் காட்டியிருக்கிறது. சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கோபப்படக்கூட ஆள் இல்லை.

எனக்கு உறைத்தது வேறு. நல்லது கெட்டது எதுவானாலும் நம் ஆட்களுக்குச் சொல்லிவிட்டால் ஊருக்கே சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம். முன்பின் தெரியாத ஒருவரிடம் உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்க எங்களுக்குப் பழக்கமே இல்லை. அதை நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எல்லாவற்றையும் மேலிருந்து மறுபடி தொடங்கினோம். மெசேஜ் வர வேண்டும் என்று கேட்டோம். கிளினிக்கைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டோம். வட்டத்தின் ஓரம் கோவளம் தாண்டிக் கடலில் விழுந்தது. "மீனுக்கு முட்டி கிடையாதுக்கா" என்று தங்கை ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள். கழுத்து வலிக்கும் ஐ.டி. ஆட்களுக்கு ஓர் ஆட் செட், முட்டி வலிக்கும் வயதானவர்களுக்கு இன்னொன்று. குத்துவிளக்கை எடுத்துவிட்டு, ஒரு முழங்காலைப் பிடித்திருக்கும் அவளுடைய கைகளைப் படமாக வைத்தோம்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "இந்தத் தடவை யாரும் லைக் போட வேணாம்மா."

"பெத்தவ லைக் போட்டா அவ கிளினிக்குக்கு ஆகாதா?" என்று போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் இரண்டு பேரிடமும் சரியாகப் பேசவில்லை.

மெசேஜ்கள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்தன. ஐதராபாத்துக்கு வரவில்லை என்று எழுதிவிட்டதாகத் தங்கை சொன்ன மறுநாள், அம்மா கோபம் குறையாமலே பஸ் ஏறி வந்தாள். நான்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அம்மா உட்கார்ந்த கையோடு ஒரு பெண்மணி முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர, அம்மா எழுந்து இடம் கொடுத்தாள்.

"நீ குந்துமா. உனுக்கும் வலின்னுதான வந்துகீற?"

"எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க உக்காருங்க. யாரு சொல்லி வந்தீங்க?"

"யாரும் சொல்லல. போன்ல வந்துச்சு. முட்டிய புடிச்சினுகீற மாதிரி ஒரு படம். என் முட்டிதான் போலன்னு கெளம்பி வந்துட்டேன்."

திரையை விலக்கி எட்டிப் பார்த்த தங்கை அம்மாவைக் கண்டதும் ஓடி வரப் பார்த்தாள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "அவங்கள்லாம் முடியட்டும். நான் நிக்கறேன்."

இருவரும் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மா குனிந்து அவற்றையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒண்ணுகூட நம்மாளுங்க செருப்பு இல்லடி" என்றாள்.