பிரெஞ்சில் இறந்துபோன மாமனார்

நான் பிரெஞ்சு படித்ததற்கு மொழி ஆசை காரணமல்ல. என் மனைவி நர்ஸ். குவைத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்து, குலசேகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணத்தில் நர்ஸுகளை எடுக்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் பக்கத்து ஆலய வாசல்களில் பரவியபோது அவளும் விண்ணப்பித்தாள். பிரெஞ்சுத் தேர்வில் தேறியாக வேண்டும். வயது ஏற ஏறத் தகுதிப் புள்ளி குறையும் என்பதால் அவளுக்கு இந்த ஒரு முறைதான். கணவனுக்கும் அந்த மொழி தெரிந்தால் கொஞ்சம் கூடுதல் புள்ளி உண்டு. நான் நாகர்கோவிலில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தவன். பதிப்பை மூடிவிட்டார்கள். வீட்டில் இருப்பவன் படிக்கட்டும் என்று முடிவாயிற்று.

அவள் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இயங்கிய பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். நானும் ஒரு நாள் போனேன். படிக்கட்டு முழுக்கச் செருப்புகள். சுவரில் ஈபிள் கோபுரத்தின் படம், அதைச் சுற்றித் தேறியவர்களின் பாஸ்போர்ட் புகைப்படங்கள். உள்ளே பெஞ்சுக்கு ஐந்து பேராகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சார் ஒரு வரி சொன்னார், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பெண் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள்.

"அர்த்தம் அங்க போயிப் படிக்கலாம் மக்கா. இப்ப மனப்பாடம் செய்யி" என்றார் சார்.

மறுநாள் நான் போகவில்லை. சொந்தமாகப் படிக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

முதலில் கைபேசிச் செயலி. 'பையன் ரொட்டி தின்கிறான்' என்று நான் சரியாக எழுதியதற்கு அது மணி அடித்தது, காகிதப் பூ தூவியது, பதக்கம் கொடுத்தது. பத்திரிகையில் இருந்த காலம் முழுவதும் என்னை யாரும் பாராட்டியதில்லை. பிழை வந்தால் மட்டும்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒழுங்கில் வளர்ந்தவனுக்கு ரொட்டிக்குக் கிடைத்த பதக்கம் குமட்டியது. ஒரு நாள் படிக்காவிட்டால் ஒரு பொம்மை முகம் திரையில் அழுதது. பதிப்பு மூடிய மாதத்தில் அது எனக்குக் கொடுத்த வாக்கியம், 'குதிரை செய்தித்தாள் படிக்கிறது'. பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். மறுபடியும் பதக்கம்.

பிறகு காணொளிகள். ஒரே மாதத்தில் பிரெஞ்சு என்று ஒரு இளைஞன் பற்கள் தெரியச் சொன்னான். சொன்னானே தவிரத் தொடங்கவில்லை. பாதி நேரம் அவனுடைய வெற்றிக் கதை, மீதி நேரம் அவனிடமே வாங்க வேண்டிய பாடங்களின் விளம்பரம். திருவனந்தபுரத்தில் பழைய புத்தகக் கடையில் ஒரு இலக்கண நூல் வாங்கினேன். பூச்சி அரித்த அட்டை, கிழவரின் சட்டைப்பை போன்ற வாடை. இலக்கணம் ஒழுங்காகத்தான் இருந்தது. எடுத்துக்காட்டுகள்தான் சகிக்கவில்லை. எல்லாம் வேலைக்காரனுக்கு இடும் கட்டளைகள். 'என் பூட்ஸைத் துடை.' 'இந்தச் சூப்பில் சுவை இல்லை, எடுத்துக்கொண்டு போ.' இதைப் படித்துவிட்டு ஒருவன் வெளிநாட்டு மருத்துவமனையில் வாய் திறந்தால் முதல் நாளே அடி வாங்குவான்.

நான் படித்த அறைக்குப் பக்கத்தில்தான் எங்களோடு இருக்கும் மாமனார் ஒட்டுப்பால் சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார். ரப்பர் மரத்தின் பட்டையிலும் பால் வடியக் கட்டிய சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கொண்ட மிச்சப் பாலைப் பிய்த்தெடுத்துச் சேர்ப்பது அது. அழுகிய இறைச்சியும் புளித்த மோரும் கலந்த நாற்றம். மழைக்காலத்தில் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. இன்றும் எங்கேயாவது பிரெஞ்சு காதில் விழுந்தால் எனக்கு அந்த நாற்றம் வருகிறது.

எனக்குத் தோதாக இருந்தது ஒன்றுதான். படிக்கிறவர்களுக்காக மெதுவாக வாசிக்கும் பிரெஞ்சு வானொலிச் செய்தி. செய்தி எந்த மொழியிலும் எனக்குப் பழகிய சாமான். பேருந்து கவிழ்ந்தது. அமைச்சர் ஆறுதல் கூறினார். வெள்ளத்தில் சிக்கிய முதியவர் உயிருடன் மீட்பு. சிகிச்சை பலனின்றி மருத்துவமனையில் மரணம். காலையில் ஒன்றைக் கேட்டு, அதைத் தமிழில் எழுதி, தலைப்பும் போட்டு வைப்பேன். ஆறு மாதத்தில் சாவு, விபத்து, மழை, மருத்துவமனை ஆகிய துறைகளில் என் பிரெஞ்சு தேர்ந்துவிட்டது. காலைச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்க வராது.

ஒரு மாலை மனைவி முற்றத்தில் மேசை போட்டு யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டே பேச்சுத் தேர்வுக்கான பதிலை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். 'நீங்கள் ஏன் நர்ஸ் ஆனீர்கள்' என்ற கேள்விக்கு மையம் கொடுத்த விடை. மாமனார் எதிரே முக்காலியில் உட்கார்ந்து சிரட்டைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இதயத்தில் அடைப்பு எடுத்தபின் மரம் வெட்ட, அதாவது ரப்பர் பட்டையைக் கீறிப் பால் இறக்க, போகக்கூடாது என்று மகளே தடுத்திருந்தாள். ஆனாலும் விடியுமுன் கத்தியோடு நழுவிவிடுவார். சிரட்டை சுரண்டுவதை மட்டும் பகிரங்கமாகச் செய்வார்.

ஒரு பிரெஞ்சு வாக்கியம் அகராதியின் உதவியில்லாமல், ஒரு சொல்கூடச் சிந்தாமல் எனக்கு முழுதாக விளங்கியது அன்றுதான். 'நான் சிறுமியாக இருந்தபோது என் தந்தை மருத்துவமனையில் இறந்துபோனார்' என்றாள் என் மனைவி. எல்லாம் செய்தியில் தினமும் வரும் சொற்கள். அடுத்ததும் விளங்கியது. இறக்கும் வேளையில் ஒரு நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்த அன்றே நானும் நர்ஸ் ஆவதென்று முடிவெடுத்தேன்.

மாமனார் சுரண்டுவதை நிறுத்தினார். "பிரசங்கம் மாதிரி இரிக்கே. என்னது மக்கா அது?"

"என்னப் பத்திதான் அப்பா. எதுக்கு நர்ஸ் ஆனேன்னு."

"அதுல நான் உண்டா?"

"உண்டு."

"எங்க?"

"தொடக்கத்துலயே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா மருமோனே? கனடாக்காரன் முன்னால முதல்ல நான்தான்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். மனைவி இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது என்பது அவளுக்கும் விளங்கிவிட்டது.

அடுக்களையில் கேட்டேன். "மாமாவக் கொன்னுட்டியே."

"நானா கொன்னேன்? சார் கொன்னாரு. எனக்க அப்பா மட்டுமா? அந்த ஹால்ல இரிக்கிற அத்தன பேருக்க அப்பனும் போயாச்சு."

"எதுக்கு?"

"அப்பா செத்தான்னு சொன்னா பரிதாபம் வருமாம். மேல கேள்வி கேக்க மாட்டாவளாம்."

"உள்ளதச் சொல்லலாம்ல?"

"உள்ளது என்ன? பன்னெண்டு முடிச்சேன், எல்லா பிள்ளையளும் நர்சிங் போச்சு, அப்பா கொண்டு சேத்தாரு. ரெண்டு வரியில தீந்துபோவும். பொறவு நான் என்னத்தப் பேச? எனக்கு நாள் பூரா டூட்டி. நீங்க வீட்ல இருந்து ஒவ்வொரு வார்த்தையா ருசி பாருங்க. எனக்குப் பாஸாவணும்."

அவள் சொன்னதில் தவறில்லை. என் அருவருப்பு அதனால் குறையவுமில்லை. எங்கள் சபையில் சாட்சி சொல்லும் கூட்டம் உண்டு. நோயிலிருந்தும் கடனிலிருந்தும் கர்த்தர் எப்படி விடுவித்தார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். யார் சொன்னாலும் சொற்கள் ஒன்றுதான். இருளில் இருந்தேன், ஒரு சத்தம் கேட்டேன். யாரும் யாரையும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பெண்களிடம் அந்த சார் அச்சடித்த சாவைக் கொடுத்தார். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு தினமும் மாலையில் எங்கள் முற்றத்தில் மாமனார் செத்தார். அவர் எதிரே உட்கார்ந்து தலையாட்டினார். "நாக்கு இப்பம் நல்லா திரும்புது" என்றும் சொன்னார்.

இருவருக்கும் தேர்வு சென்னையில். எழுதும் தேர்வும் கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வும் காலையில் முடிந்தன. பிற்பகல் பேச்சுத் தேர்வுக்கு ஒரு தாழ்வாரத்தில் நாற்காலிகள் போட்டு உட்காரவைத்தார்கள். குளிர்சாதனத்தின் தண்ணீர் ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவிக்கு முன்னால் உள்ளே போனவள் மார்த்தாண்டம் மையத்தில் உடன் படித்த பெண், புதுக்கடை ஊர்ப்பக்கம். போன வேகத்தில் திரும்பிவிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"என்னட்டி ஆச்சு?" என்றாள் மனைவி.

"அப்பா செத்தாருன்னு தொடங்கினேன் அக்கா. கேள்வி கேக்கிற அந்தம்மா கையக் காட்டி நிறுத்திட்டு, அடுத்த வரிய அவியளே சொல்லிட்டாவ. நர்சு கையப் பிடிச்சாள்னு. காலையிலேர்ந்து அதத்தான் கேக்கியாவ போல. வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கிட்ட வேற என்ன இருக்கு?"

அடுத்தது என் மனைவி. அழைப்பு வர இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. அவள் முகம், வார்டில் ஒரு நோயாளியின் மூச்சு நிற்கும்போது எப்படி இருக்குமென்று நான் ஊகித்திருந்தேனோ அப்படி இருந்தது. பயம் தெரியவில்லை. அவசரம் மட்டும் தெரிந்தது.

"எனக்க அப்பாவ உயிரோட கொண்டு வரணும். வேகம் சொல்லுங்க."

செய்தி வாசிப்பில் பார்த்தால், ஒருவர் சும்மா உயிரோடு இருப்பது செய்தியே அல்ல. அதற்கான பிரெஞ்சு என்னிடம் இல்லை. கிடைத்ததையெல்லாம் பொறுக்கினேன். வெள்ளத்தில் மீட்கப்பட்ட முதியவரிடமிருந்து 'உயிருடன்' வந்தது. ரொட்டி தின்ற பையனிடமிருந்து 'சாப்பிடுகிறார்'. சூப்பைத் திருப்பி அனுப்பிய துரையிடமிருந்து குறை சொல்லும் வாக்கியம். என் தந்தை உயிருடன் இருக்கிறார். எங்கள் வீட்டில் இருக்கிறார். மரத்தை வெட்டுகிறார், ரப்பர் மரம். டாக்டர் வேண்டாம் என்கிறார், அவர் போகிறார். சாப்பிடுகிறார், உப்பு இல்லை என்கிறார். அவள் ஒவ்வொன்றையும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். நான் வெறுத்த சாமான்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த மனிதரை எழுப்பின. அதற்காக அவற்றின் மேல் எனக்கு இப்போதும் மரியாதை வரவில்லை.

அவள் உள்ளே நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்து தண்ணீர் குடித்தபின்தான் பேசினாள்.

"உப்பு சொன்னதும் அந்தம்மா சிரிச்சாவ. பொறவு, நீ கனடா போறதுல அப்பாவுக்கு இஷ்டமான்னு கேட்டாவ."

"நீ?"

"இல்லைன்னேன். வாயில அதுதான் வந்தது. ஏன், என்ன சொல்லுவாருன்னு கேட்டாவ. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, உப்பில்லன்னு மட்டும் சொல்லுவாருன்னேன். எனக்கு வேற வாக்கியம் தெரியாதுல்லா."

என் முறை வந்தது. வெள்ளம் பற்றியும் சாலை விபத்து பற்றியும் நான் திருத்தமாகப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை யாராவது இறந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

முடிவு வந்தது. அவள் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் விளிம்பில். எனக்கு வேண்டிய புள்ளி வரவில்லை. அவள் முதலில் போவாள், நான் பிறகு பார்த்துக்கொள்வது என்று ஆயிற்று. அன்று அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முற்றத்தில் அவர் எதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார் என்பது உட்பட.

அவர் கொஞ்ச நேரம் சிரட்டையைச் சுரண்டினார். "அடக்கம் எந்தக் கல்லறையில வச்சிய?"

"அப்பா."

"பொறவு அங்க போயி உசிரு வந்துதாக்கும்?"

"ஆமா. நீங்க சம்மதிச்சியளான்னு கேட்டாவ."

"என்ன சொன்ன?"

"இல்லைன்னேன்."

"பொறவும் பாஸ் போட்டாளா?"

"போட்டா."

அவர் எழுந்து கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டுகளைத் திருப்பிப் போடப் போனார். காய்ந்தவற்றையும் திருப்பிப் போட்டார்.

மையத்து சார் மனைவியைக் கூப்பிட்டு வாழ்த்தினார். புகைப்படம் கேட்டார். உள்ளே என்ன சொன்னாய் என்றும் கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள், மடியில் நகல் தாள். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். என் தந்தை உயிருடன் இருக்கிறார். மரத்தை வெட்டுகிறார், ரப்பர் மரம். சாப்பிடுகிறார், உப்பு இல்லை என்கிறார். தாழ்வாரத்தில் நான் அவசரத்தில் கோத்த வரிசை, அப்படியே.

"ஏட்டி, எனக்க அப்பா மீன் யாவாரம்லா" என்றாள் மற்றவள். "நானும் ரப்பர்னு சொல்லணுமா?"

"சொல்லு. மாத்தினா மறந்துபோவும்."

"உப்பு?"

"அதையும் சொல்லு. அதுக்குத்தான் மார்க்காம்."

செத்த அப்பன்களைச் சகித்ததைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. செத்தவர் யாருடைய அப்பாவும் இல்லை. இவர் வீட்டில் இருக்கிறார்.

அன்று மனைவிக்குப் பகல் டூட்டி. சமையல் என்னுடையது. கஞ்சியும் பயறும் வைத்தேன். சாப்பிடும்போது பேருந்தில் கேட்டதை மாமனாரிடம் சொன்னேன். அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"எல்லாத்துக்கும் அப்பன் நானா?"

"ஆமா மாமா."

"எவளும் போறதுல எனக்கு இஷ்டமில்லன்னும் சொல்லுதாளுவளா?"

"அதையும் அச்சடிச்சிருப்பாரு."

"உப்புக் காரியம்?"

"உண்டு."

"அது உள்ளதுதான்" என்று சொல்லித் தட்டை என் பக்கம் தள்ளினார். "இன்னைக்கும் இல்ல."