கொட்டாஞ்சேனை ராமையா அண்ணையும் அந்தத் தாலி ரோலும்

ராமையா அண்ணை போயிட்டார்.

காலமை அவற்ற மகள் மெசேஜ் போட்டிருந்தா. "அப்பா நேத்து சாயந்திரம் தவறிட்டாங்க அங்கிள்." அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில ஃபில்ம் கழுவுற லேப் வைச்சிருந்த மனுசன். இப்பத்தைப் பிள்ளையளுக்கு லேப் எண்டால் ரத்தம் குடுக்கிற இடம்... அந்தக் காலத்தில கலியாணப் படம் எடுக்கிற எங்கட உயிர் அங்கதான் கிடந்தது.

சொந்த இடம் ஹற்றன் பக்கம். லேப் எண்டு ரெண்டே ரெண்டு அறை. இருட்டறைக்குள்ள நிண்டாரெண்டால் ஜனாதிபதியே வந்தாலும் கதவு திறக்காது. ஆனா உள்ள நிண்டே கத்துவார், "தம்பி, சாப்பிட்டீங்களா?"

ரோலுகளைக் கையில குடுத்தால் முதல் கேள்வி ஒண்டுதான். "இதுல தாலி ரோல் எது?"

தாலி கட்டேக்க எடுத்த ரோலுக்கு நாங்கள் றப்பர் பாண்ட் போட்டுக் குடுக்கவேணும். மற்றதெல்லாம் கழுவி, மருந்து சரியா இருக்கெண்டு பாத்த பிறகுதான் அதைத் தனியாப் போடுவார். "பந்தி போட்டோ போனா போவுது தம்பி. தாலிய மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?" எண்டு சிரிப்பார்.

சரி... எழுத வந்ததை எழுதுறன்.

சண்டைக் காலம். கரண்ட் வெட்டு வேற. வெள்ளவத்தையில ஒரு கலியாணம், பொம்பிளை தர்ஷினி. மாப்பிள்ளை கனடாவில இருந்து பத்து நாள் லீவில வந்தவர், வியாழக்கிழமை இரவு பிளைட்.

அப்ப எங்கட கலியாணங்கள் பாதி அப்பிடித்தான். பொம்பிளையை அங்க கூப்பிடுற ஸ்பொன்சர் ஃபைலுக்குப் படம் வைக்கவேணும், படம் இல்லாட்டி கலியாணம் நடந்ததெண்டே எம்பசிக்காரன் நம்பமாட்டான்.

திங்கக்கிழமை ராமையா அண்ணைக்குப் போன் எடுத்தன். "கரண்ட் கட் நேரம் பாத்துதான் மெஷின் போடுவேன் தம்பி. வெள்ளிக்கிழமை தாரேன்."

எனக்கு விசர் வந்திட்டுது. "நீங்கள் பஞ்சாங்கம் பாத்துக் கழுவும்மட்டும் என்னட்ட நேரமில்லை அண்ணை" எண்டு போனை வைச்சிட்டன்.

கொட்டாஞ்சேனைக்குப் போறதெண்டால் வழியில எத்தினை செக் பொயிண்ட். ஒருக்கா ஆமிக்காரன் ஒருத்தன் ரோலை இழுத்துப் பாக்க வெளிக்கிட்டு, "மாத்தயா, வெடிங் எகக்", கலியாணப் படம் ஐயா எண்டு சிங்களத்தில கெஞ்சித்தான் காப்பாத்தினனான்.

கொள்ளுப்பிட்டியில அப்ப புதுசா ஒரு லேப். ஏசி, கண்ணாடிக் கதவு, ஒரு மணித்தியாலத்தில படம். ஜெனரேட்டர் இருக்கு, பயப்பிடாதீங்கோ எண்டிச்சினம்.

அஞ்சு ரோலையும் ஒண்டாக் குடுத்தன். தாலி ரோல் எதெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.

பாதியில கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகேல்லை. ஃபில்ம் முழுக்க மருந்துக்குள்ள ஊறிக்கொண்டு கிடக்க, அங்க நிண்டவர் பதறிப்போய் மெஷின் மூடியைத் திறந்திட்டார்... வெளிச்சம் பூந்து அஞ்சு ரோலும் பழுதாப்போச்சு.

காலி ரோட்டில நிண்டு அழுதனான். வெக்கமில்லாமச் சொல்லுறன்.

பிறகு எங்க போறது? அதே கொட்டாஞ்சேனைக்குத்தான். ராமையா அண்ணை ஃபில்மை லைட்டுக்கு முன்னால பிடிச்சுப் பாத்தார். நல்லாத் திட்டப்போறார் எண்டு நிண்டன்.

"தாலி ரோல் எது?" எண்டு மட்டும் கேட்டார்.

ரெண்டு நாள். கரண்ட் இருந்த நேரமெல்லாம் அந்த மனுசன் உள்ளுக்கதான். ஒவ்வொரு படமாக் கையாலயே பிரிண்ட் போட்டு, வியாழன் மத்தியானம் பத்தொன்பது படம் தந்தார். அதில ஒண்டு தாலி கட்டுறது. தர்ஷினியின்ர கன்னத்தில எப்பன் சிவப்பு அடிச்சிருந்தது, வேற ஒரு குறையுமில்லை.

மாப்பிள்ளை படத்தோட பிளைட் ஏறினார்.

அடுத்த நாள் தர்ஷினியின்ர அப்பா பாமன்கடையில என்ர வீட்டு வாசலில. "நூற்றெண்பது படம் எடுத்தனீர், பத்தொன்பது தாறீர். மிச்சம் எங்க ஐசே?"

"கொட்டாஞ்சேனையில குடுத்தனான் ஐயா. லேப்காரர் பழுதாக்கிப்போட்டார்."

ஓம். அப்பிடித்தான் சொன்னனான். அவர் வெள்ளவத்தையில எல்லாரையும் தெரிஞ்ச மனுசன். என்ர பெயர் கெட்டால் இனி ஒரு கலியாணமும் வராதெண்ட பயம். கொட்டாஞ்சேனை வரைக்கும் ஆர் போய் விசாரிக்கப்போகினம் எண்டு நினைச்சன்.

கதைக்குக் கால் முளைக்க எத்தினை நாள் வேணும்? ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள வெள்ளவத்தை ஃபோட்டோகிராஃபர்மார் ஒவ்வொருத்தரா அவரிட்டப் போறதை விட்டிட்டினம். நான் மட்டும் போனன்.

ஒருநாள் கேட்டார். "வெள்ளவத்தைப் பக்கம் நம்மளப் பத்தி என்னமோ பேசிக்கிறாங்களாமே தம்பி?"

"சும்மா விசர்க் கதை அண்ணை, விடுங்கோ" எண்டன்.

என்னை ஒருக்காப் பாத்தார். பிறகு வழமை போலக் கையை நீட்டினார். "சரி, தாலி ரோல் எது?"

தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவரோ... இண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை.

எத்தினை வருசம். ஒரு பஸ் ஏறினால் கொட்டாஞ்சேனை. போன பொங்கலுக்கும் போன் எடுத்துச் சுகம் விசாரிச்சனான், பிரஷர் குளிசை ஒழுங்காப் போடுங்கோ எண்டெல்லாம் புத்தி சொன்னனான். இதைச் சொல்லேல்லை.

தர்ஷினி, நீர் ஒவ்வொரு வருசமும் கலியாண நாளுக்கு அந்தத் தாலிப் படத்தைப் போட்டு, என்னை டேக் பண்ணி நன்றி சொல்லுறனீர். நானும் ஒரு ஹார்ட் போட்டிட்டுப் போறனான்.

அது ராமையா அண்ணை காப்பாத்தித் தந்த படம். பழுதானது கொள்ளுப்பிட்டியில. அங்க கொண்டுபோய்க் குடுத்தது நான். அப்பாட்ட நான் சொன்னது பொய். அப்பாவும் இப்ப இல்லை... நீராவது தெரிஞ்சுகொள்ளும்.

அந்த நேரம் வெள்ளவத்தையில இருந்த ஆக்கள் வாசிச்சால், நீங்களும் தெரிஞ்சுகொள்ளுங்கோ. அந்த மனுசன் ஒருத்தற்ற தாலி ரோலையும் பழுதாக்கினதில்லை.

நாளைக்குப் பின்னேரம் பிரேதம் எடுக்கினமாம். மகளிட்ட நேரில சொல்லுவன்.

வாறன் அண்ணை... இந்த முறையும் எல்லாம் பழுதான பிறகுதான் உங்களிட்ட வாறன்.