இரண்டு முள்ளும் படுத்துவிட்டன

என் கணவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மறுபரிசோதனை முடியும்வரை வண்டி ஓட்டக் கூடாது, எடை தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் தொண்டாமுத்தூரிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பழைய காரை நான்தான் ஓட்டினேன். அவருக்குப் பக்கத்து சீட்டில் இருப்பே கொள்ளவில்லை. நான் பிரேக் போடுமுன்பே அவர் கால் தரையை அழுத்தியது.

பேரூர் தாண்டியதும் பெட்ரோல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் ஒன்றாகக் கீழே விழுந்தன. ஸ்பீடு முள் மட்டும் ஆடியது.

“நிறுத்து அம்மணி, இஞ்சின் காஞ்சிருச்சுன்னா தெரியாது.”

நிறுத்தினேன். பானட்டைத் திறந்து பார்த்தேன். ஆவி ஒன்றும் வரவில்லை. கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி நிறுத்தச் சொன்னார். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் சோதித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா ஓட்டறது இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்” என்றார்.

மறுநாள் காலை பார்த்தால், என் கணவர் திருப்புளியோடு காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, எறங்குங்க. நான் பாக்கறேன்.”

“உனக்கென்ன தெரியும்?”

“ரெண்டும் ஒண்ணா செத்துச்சுங்க. ரெண்டு மீட்டரும் ஒரே நேரத்துலயா கெட்டுப்போகும்? ரெண்டுக்கும் பொதுவா வர்ற கரண்ட்டுதான் எங்கியோ நின்னுபோச்சு.”

கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கினார். ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன்; உட்காரவில்லை. ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. திரும்பப் போட்டு, சாவியைத் திருப்பி, கரண்ட் வந்தால் எரியும் டெஸ்ட் லைட்டின் முனையை அதன் இரு பக்கமும் வைத்தேன். பல்பு எரிந்தது. கோளாறு அதற்கப்பால்தான்.

பேட்டரி வயரை எடுத்துவிட்டு மீட்டர் பலகையை முன்னால் இழுத்தோம். கனமாக ஒன்றுமில்லை, ஆனாலும் அவர் கைவைத்தபோது நெற்றியில் வேர்வை பொடித்தது.

“வலிக்குதுங்களா?”

“வெயிலுக்கு வேர்க்குது. காலைலிருந்து எத்தனை தடவதான் கேப்ப? வலிச்சா நானே சொல்றேன், உடு.”

டெஸ்ட் லைட்டை மறுபடி கையில் எடுத்தேன்.

பலகையின் பின்னால், இரண்டு மீட்டருக்கும் அளவாகக் கரண்ட் கொடுக்கும் சின்னத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. பேட்டரியை மறுபடி மாட்டி, சாவியைத் திருப்பி, அந்தப் பெட்டிக்கு வரும் வயரில் டெஸ்ட் லைட்டை வைத்தேன். பல்பு எரியவில்லை. வயரை லேசாக ஆட்டினேன், மின்னி அணைந்தது.

“புடி, புடி! அங்கதான்!” என்று கத்தினார்.

வயர் முனையிலிருந்த பித்தளைக் கிளிப் கறுத்து, வாய் தளர்ந்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு உப்புத்தாளால் அவர் தேய்த்தார். குறட்டால் நெருக்கி நான் சொருகினேன். பேட்டரியை மாட்டி மறுபடி சாவியைத் திருப்பினோம். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு பெட்ரோல் முள் மெதுவாக எழுந்து, பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. இஞ்சினை ஓடவிட்டதும் சூட்டு முள்ளும் கிளம்பியது.

“ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாமுங்களா?” என்றேன்.

அவர் டிரைவர் பக்கக் கதவின் மேல் கைவைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுற்றிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“மெதுவாப் போ” என்றார்.